சிங்கிள்ஸா டபுள்ஸா

விரல் மாட்டிக்கொண்டது குழந்தைவேலுக்கு உடனே உறைக்கவில்லை. வண்டி சென்டர் ஸ்டாண்டிலிருந்து நழுவி, அவனையும் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியதும், இடதுபக்கப் பெட்டி தூணில் சாய்ந்து நின்றுகொண்டதும்தான் மனதில் முதலில் பதிந்தது. நல்லவேளை விழவில்லை, பெயிண்ட்கூடப் போயிருக்காது என்று ஒரு சந்தோஷமும் வந்தது. சிலருக்கு அப்படித்தான், கண் முதலில் சாமான்மேல் போகும், உடம்பெல்லாம் அப்புறம். எழுந்து வண்டியை நிமிர்த்தலாம் என்று பார்த்தபோதுதான் இடது கை கூடவே வர மறுத்தது. ஆள்காட்டி விரல் பின்பக்க வலது ஷாக்கப்சரின் ஸ்பிரிங்குக்குள், கீழ்ச்சுற்றுகள் இரண்டுக்கும் நடுவே, முதல் கணுவைத் தாண்டிப் போயிருந்தது. வண்டி தூக்கி நின்றவரை விரல் போய்வரத் தோதாக இருந்த சந்து, பாரம் கீழே இறங்கியதும் சுருங்கிவிட்டது. வலி என்று இன்னும் ஒன்றுமில்லை. யாரோ விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரு இரு, எங்கே ஓடுகிறாய், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்பது போல இருந்தது. பிறகு வலி வந்தது. வந்ததும் தோள்வரை ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கத்தக் கூடாது என்பது மட்டும் அந்த நிலையிலும் ஞாபகம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியை சீட்டின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, மூக்கால் மூச்சு விட்டான். அவன் குத்தவைத்திருந்த பார்க்கிங்குக்கு நேர் மேலே, முதல் மாடியில், அவர்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னல். அதற்குள் அவன் மனைவி சுகந்தி தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு, சமையலறையை ஒழித்துப்போட்டுவிட்டு, சாயங்காலம் வண்டியில் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்ங்க, நானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அவள் எழுந்து வருவதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்றுதான் அவன் செருப்புகூடப் போடாமல், செல்போன் எங்கே அடித்துத் தொலைத்துவிடுமோ என்று அதையும் மேசையிலேயே வைத்துவிட்டு, பூனை மாதிரி இறங்கி வந்தான். இப்போது போன் இருந்தால் மெக்கானிக் பஷீரைக் கூப்பிடலாம். அது மேலே, அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில், சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

செய்ய வந்த வேலை ஒன்றும் பெரிய வேலையில்லை, அதுதான் கேவலம். ஷாக்கப்சர் ஸ்பிரிங்கின் அடியில் பல்வெட்டிய ஒரு வளையம் இருக்கும். கொக்கி போட்ட ஸ்பேனரால் அதைத் திருப்பினால் ஒவ்வொரு படியாக ஏறும், இறங்கும். ஒன்றில் வைத்தால் ஸ்பிரிங் இளக்கமாக இருக்கும், ஓட்டுகிறவன் ஒருத்தனுக்குப் போதும். ஐந்தில் வைத்தால் விறைப்பு, பின்னால் ஆளும் பெட்டியும் தாங்கும். ஒவ்வொரு டூருக்கு முன்னாலும் பஷீர் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார், சிங்கிள்ஸா டபுள்ஸா என்று. இத்தனை வருஷத்தில் குழந்தைவேல் வாயிலிருந்து சிங்கிள்ஸ் என்ற சொல் வந்ததில்லை. கல்யாணம் ஆன நாலாம் வருஷம் முதல் வண்டி வாங்கியதிலிருந்து, மாற்றி மாற்றி இப்போதுள்ள இந்தப் பெரிய டூரிங் வண்டிவரை, பின்சீட்டில் சுகந்தி இல்லாமல் அவன் ஈரோடு எல்லையைத் தாண்டியது கிடையாது. நாளை விடியற்காலை கிளம்பி, சித்ரதுர்கா, ஹம்பி, அப்படியே மேற்கே திரும்பி கோகர்ணாவரை ஒரு வாரம். அதைத் தனியாகப் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும் என்று பெண்டாட்டியிடம் சொல்லத் துப்பில்லாமல், பின்ஷாக் ரெண்டும் சோர்ந்துபோச்சாம், டபுள்ஸ் தாங்காதாம், பஷீர் சொல்லிட்டார் என்று ஒரு பொய். அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டாளே தவிர, முகத்தைத் தூக்கவில்லை, சண்டை போடவில்லை, உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். அவள் உட்காரும்போது வண்டி பொதுக்கென்று இறங்கி, வேகத்தடையில் டங்கென்று இடிக்க வேண்டுமே. அதற்காகத்தான் வளையத்தை ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறக்க வந்தது. எடை போதாதோ என்று இரண்டு பெட்டிகளிலும் தண்ணீர் கேன்களை வேறு அடுக்கினான். ஒரு பொய்க்கு எவ்வளவு சுமை சேர்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இடதுபக்கம் சுலபமாக இறங்கிவிட்டது. வலதுபக்கத்து வளையம்தான் அசையவில்லை. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே காய்ந்த சேற்றோடு ஒரு ஜல்லிக்கல் அடைத்துக்கொண்டு இருந்தது. அதை ஆள்காட்டி விரலால் நோண்டிக்கொண்டே, மற்றக் கையால் ஸ்பேனரை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினான். தரை வாட்டமாகப் போட்ட தரை, கார் கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக. வண்டி கிளம்பிவிட்டது. இடதுபக்கம் ஐந்திலேயே இருந்திருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது, விரல் நெரிந்தாலும் இழுத்து எடுத்திருக்கலாம். இளக்கி வைத்தது அவன்தான், ஆகவே மொத்தமாக இறங்கியது, தன் வேலைக்குத் தானே மாட்டிக்கொண்டான். வலது கையால் பின்கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். குத்தவைத்தபடி கால்வாசி தூக்கும்போதே கை நழுவி, பாரம் மறுபடி விரல்மேல் இறங்கியது. அப்போது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாய்க்குட்டியை மிதித்தது போல ஒரு சத்தம். மேலே காதை வைத்துக் கேட்டான். ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை, ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். கேட்டில் வாட்ச்மேன் செல்போனில் பழைய பாட்டு வைத்திருந்தார். வாட்ச்மேனுக்குக் கேட்கும்படி கத்தினால் முதலில் சுகந்திக்குத்தான் கேட்கும். அவளுக்குக் கேட்காதபடி கத்தினால் யாருக்கும் கேட்காது. கணக்கு எப்படிப் போட்டாலும் அவளிடமே வந்து நின்றது.

அவள்மேல் வெறுப்பு என்று யாராவது நினைத்தால் அவனே சண்டைக்கு வருவான். வெறுப்பில்லை. பேச்சு. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வண்டி ஊர் எல்லையைத் தாண்டினதும் ஆரம்பிப்பாள். முன்பெல்லாம் தோளுக்கு மேலே எட்டிக் கத்திக்கொண்டு வருவாள், காற்று பாதியைத் தின்றுவிடும், பிழைத்துப் போகட்டும் என்று இருக்கும். பிறகு அவன்தான், புத்திகெட்டு, ஹெல்மெட்டுக்குள் வைக்கிற இன்டர்காம் இரண்டு வாங்கினான். அன்றோடு தொலைந்தது. அவள் குரல் காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. பெருந்துறை தாண்டும்போது பெரியம்மா மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் கேசரியில் முந்திரி இல்லாதது. அவினாசி தாண்டும்போது அந்த கேசரியைச் செய்த சமையல்காரரின் மருமகள் சங்கதி. வழியில் போகிற லாரியின் பின்னால் எழுதியிருப்பது, ஊர்ப்பெயர்ப் பலகைகள், துணிக்கடை விளம்பரத்தில் இருக்கிற பெண்ணின் ஜாக்கெட் தையல், டிவி தொடரில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மனசை ஒருமுகப்படுத்தி ஓட்டும்போதும் விடமாட்டாள். மழை பெய்தால் மழையைப் பற்றி. சுரங்கப்பாதைக்குள் போனால் இருட்டைப் பற்றி. அவன் ம் என்பான். நிறுத்தட்டும் என்று சுருக்கமாகச் சொல்கிற ம். அவள் அந்த ம்மைக் கேட்டவுடன் அடுத்ததை எடுத்துக்கொள்வாள். ஒருமுறை ம் சொல்லாமலேயே இருந்து பார்த்தான். என்னுங்க, என்னுங்க என்று முதுகில் தட்டி, கடைசியில் தோளைப் பிடித்து உலுக்கியே விட்டாள், வண்டி ஆடிப்போயிற்று. அதற்கு ம் சொல்வதே மேல். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காலை, இஞ்சின் சத்தத்தையும் காற்றையும் மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்கு ஒரு பசி வந்துவிட்டது. சோற்றுப் பசியைச் சொல்லலாம், இதை யாரிடம் சொல்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால் வீட்டில் அவள் பேசவே மாட்டாள். விரலின் நுனி இப்போது மரத்துவிட்டது, தன் விரலாகவே இல்லை, அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்திருக்கும் ரப்பர் மூக்குப்பட்டை மாதிரி இருந்தது, அந்த மரத்த விரலைப் பார்த்துக்கொண்டே அவன் இதை நினைத்தான். வீட்டில் அவள் பேசினது என்ன? சாப்பிட வாங்க. கேஸ் தீர்ந்துருச்சு. துவைக்கறதுக்குப் போட்ட சட்டையில் பேனா இருக்குது. அவ்வளவுதான். இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தால் டிவிதான் மூன்றாவது ஆளாகப் பேசும். அவனும் பேசுகிறவன் இல்லை. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் இந்த எழுத்துத் தெரியுதுங்களா, இப்பங்க, முந்தியதைவிட இப்பத் தேவலைங்களா என்று வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க முடியாது. ஆக அவள் வீட்டில் சேர்த்து வைத்துக்கொள்கிறாள், மாதக்கணக்கில் சேர்த்து, நான் தப்பித்து ஓட முடியாத இடத்தில், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிற நேரம் பார்த்துக் கொட்டுகிறாள் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். முடிவு கட்டி ரொம்ப நாளாயிற்று. எப்போது ஆரம்பித்தது இந்தப் பேச்சு என்று இப்போது யோசித்துப் பார்த்தான், வேறு வேலை என்ன இருக்கிறது. கன்னியாகுமரி போன முதல் டூர். சாத்தூர் தாண்டி, மத்தியானச் சாப்பாடு உண்ட மயக்கம், நேர்ரோடு, கானல் அலையடிக்கிறது. கண் செருகிவிட்டது. ஒரு நொடிதான். வண்டி ரோட்டை விட்டிறங்கி, ஓரத்துக் கப்பிக்கல்மேல் கடகடவென்று ஓடி, எப்படியோ விழாமல் ஒரு வேலமரத்தடியில் நின்றது. அவள் நெற்றி அவன் முதுகில் இடித்ததில் பொட்டு அவன் சட்டையில் ஒட்டியிருந்தது. பிறகு அவன்தான் சிரித்துக்கொண்டே, நீ பேசிட்டே வா அம்மிணி, பேச்சை நிறுத்துனா நான் தூங்கிருவேன் என்றான். ஆமாம், சொன்னது அவன்தான். இல்லையென்று யார் சொன்னது. அன்றைக்குச் சொன்னது, அன்றைக்கு மட்டும். ஒருநாள் பசிக்குக் கேட்டால் ஆயுசு முழுக்க ஊட்டிக்கொண்டிருப்பார்களா?

சாய்ந்த வெயில் பார்க்கிங்குக்குள் வந்து அவன் முதுகில் விழுந்தது. நமநமவென்று வியர்வை. ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்தது, ஓட்டினான், மறுபடி உட்கார்ந்தது. விரல் ஊதாவாகிவிட்டது. ரத்தம் போகாமல் எவ்வளவு நேரம் தாங்கும் ஒரு விரல், அதை யாரிடமாவது கேட்டு வைத்திருக்கக் கூடாதா. எடுத்துவிடுவார்களோ. ஆள்காட்டி விரல் இல்லாமல் ஒரு கண்ணாடிக்காரன். ஃபிரேமின் கடுகத்தனை திருகாணியைப் பிடிப்பது அந்த விரல்தான், வந்தவர்களின் காதுமடலுக்குப் பின்னால் கண்ணாடிக் காலை அழுத்திப் பார்ப்பதும் அதுதான். கை நடுங்காமல் திருகாணி போடுகிறவன் என்று கடைவீதியில் ஒரு பெயர் இருக்கிறது. விரல் போனால், எப்படிப் போயிற்று என்று கேட்பார்கள். பெண்டாட்டியை ஏமாற்ற ஸ்பிரிங்கை இளக்கினேன், அது பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லிக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். சே, அப்படியெல்லாம் போகாது, நெரிந்திருக்கிறது, அவ்வளவுதான், பள்ளிக்கூடத்தில் டெஸ்க் மூடியில் நசுங்கவில்லையா. நசுங்கி நகம் கறுத்து விழுந்து மறுபடி முளைத்தது. இது அது இல்லை. இது எலும்போ. விரலை மடக்கிப் பார்க்க முயன்றான். மடங்குகிறதா என்பதுகூடத் தெரியவில்லை. கூப்பிட்டுவிடு, கூப்பிட்டுவிடு என்று உள்ளேயிருந்து ஒருத்தன் கெஞ்சினான். என்னவென்று சொல்வாய் என்று இன்னொருத்தன் கேட்டான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் வலிகூடக் கொஞ்சம் விலகியது. இடது ஷாக் ஒன்றில் இருக்கிறது, வலது ஐந்தில் இருக்கிறது. இதைப் பார்க்கிறவர்களுக்கு எது முதலில், எது அப்புறம் என்று எப்படித் தெரியும்? இரண்டும் ஒன்றில் இருந்தது, உனக்காக ஐந்துக்கு ஏற்ற வந்தேன், வலது முடிந்தது, இடது பாக்கி. அவ்வளவுதானே. பஷீர் தாங்காது என்று சொன்னாலும், எனக்கு மனசு கேட்கவில்லை, நானே டைட் வைத்துப் பார்க்கலாம் என்று தூங்காமல் இறங்கி வந்தேன், இந்தா பார், விரலை. சுகந்தி அழுதே விடுவாள். மஞ்சள் வைத்துக் கட்டுவாள். குழந்தைவேலுக்குத் தன் புத்தியை நினைத்து ஒரு பெருமிதம்கூட எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்து அப்படியே நின்றது. அப்புறம் என்ன? டைட் வைத்தாயிற்று, வண்டி டபுள்ஸ் தாங்கும், அவள் வருவாள். விரலைக் காப்பாற்றுகிற பொய் அவளைப் பின்சீட்டில் ஏற்றிவிடும். கோகர்ணாவரை. ஒரு வாரம் காதுக்குள். உண்மையைச் சொன்னால் வாரம் கிடைக்கும், அவள் முகம் போய்விடும். பொய்யைச் சொன்னால் அவள் முகம் இருக்கும், வாரம் போய்விடும். திரும்பத் திரும்ப இந்த இரண்டையும் எடுத்து எடுத்துப் பார்த்தான், மூன்றாவதாக ஒன்று கிடைக்காதா என்று தேடினான். ஸ்பிரிங்கின் சுற்று போலவே அதுவும் சுற்றிச் சுற்றிக் கீழே வந்து, கடைசியில் அவன் விரலிலேயே முடிந்தது.

ஒரு கார் உள்ளே வந்தது. மூன்றாம் மாடி வங்கிக்காரர், கோயிலுக்கோ எங்கோ போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்புகிறார். குழந்தைவேலின் நெஞ்சு துள்ளியது. இதோ, வந்துவிட்டது மூன்றாவது வழி. திடமான ஆள், ஒரு கை கொடுத்தால் போதும், சுகந்திக்குத் தெரியாமலே முடிந்துவிடும். கார்க்கதவு திறந்தது, மூடியது. அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்து, என்ன சார், லீவு நாள்லயும் வண்டி வேலையா என்று கேட்டார். குழந்தைவேல் நிமிர்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஆமாங்க, சும்மா ஷாக் பார்த்துட்டிருக்கறேன் என்றான். அவர் நல்லதுங்க என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிப்போனார். வாய் எப்படி அப்படிச் சொல்லிற்று என்று அவனுக்கே புரியவில்லை. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கடையில் யார் எப்படி இருக்கீங்க என்று கேட்டாலும் நல்லா இருக்கறங்க என்று வருமே, அதே வாய். விரலைக் கொடுத்தாலும் கொடுப்பான், அடுத்த வீட்டுக்காரன் முன்னால் மாட்டிக்கொண்டவனாக நிற்கமாட்டான். லிஃப்ட் மேலே ஏறுகிற முனகலைக் கேட்டுக்கொண்டே, தன்னைப் பெற்றவர்கள் தவிர மற்ற எல்லாரையும் மனதுக்குள் திட்டினான். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது, மூக்கு ஒழுகியது, துடைப்பதற்கு இருந்த ஒரு கையிலும் கிரீஸ்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. நிழல் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே கால்கள் இரண்டும் இல்லாதது மாதிரி இருந்தன. கடைசியில் அவன் எதையும் தீர்மானிக்கவில்லை. என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டுக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தான், அதற்கு முன்னாலேயே அம்மிணி என்று கூப்பிட்டுவிட்டான். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை குரல் வந்தது. கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் மேலே ஜன்னல் கம்பிக்குள் அவள் முகம் தெரிந்தது. தூங்கி எழுந்த முகம் மாதிரி இல்லை. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை. படியில் அவள் இறங்குகிற வேகம் கேட்டது, வலி, பயம், வெட்கம் எல்லாவற்றுக்கும் நடுவில், வந்துவிட்டாள் என்று உடம்பு தானாகத் தளர்ந்தது.

அவள் கத்தவில்லை, வாட்ச்மேனைக் கூப்பிடவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், பின்னால் போய் நின்றாள், எந்தப் பக்கம் தூக்கோணும் என்று மட்டும் கேட்டாள். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்து மேலே தூக்கு, அமுக்கிவிடாதே என்றான். சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, காலை அகட்டி வைத்து, கம்பியை இரண்டு கையாலும் பற்றித் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்பிரிங் ஒரு மயிரிழை விலகியது, இன்னொரு மயிரிழை, அவன் இழுத்தான், விரல் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கம்பியின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. தோல் உரிந்திருந்ததே தவிர விரல் முழுசாக இருந்தது. கார் கழுவுகிற குழாயடிக்கு அவனைத் தாங்கிக் கூட்டிப்போய்த் தண்ணீரில் பிடித்தாள். மடக்குங்க என்றாள். மடங்கியது. ரத்தம் திரும்ப ஓடுகிற வலியில் அவன் முனகினபோது, அவள் விரலையே பார்த்துக்கொண்டு, ஒன்னுமாகாது, ஒன்னுமாகாது என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு துப்பட்டாவின் நுனியை நனைத்துச் சுற்றிவிட்டு, வண்டிப் பக்கம் போய்க் குனிந்தாள். இடதுபக்கம் பார்த்தாள். சுற்றி வந்து வலதுபக்கம் பார்த்தாள். கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பஷீர் பக்கத்தில் நின்று பார்த்தவள், எந்தப் படி யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா.

"எனக்காவ டைட் வெக்க வந்தீங்களா? தூங்காம?"

அவன் யோசித்து வைத்திருந்த பொய்யை அவளே எடுத்து, துடைத்து, அவன் கையில் கொடுத்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வேறு. குழந்தைவேல் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் உள்ளங்கை இரண்டிலும் கம்பி அழுத்தின சிவப்புக் கோடு தெரிந்தது, அதுதானோ என்னவோ.

"இல்ல அம்மிணி. இளக்கத்தான் வந்தேன். பஷீர் ஒன்னும் சொல்லல. ஷாக்கு நல்லாத்தான் இருக்குது."

வாட்ச்மேனின் பாட்டு நின்று இன்னொன்று ஆரம்பித்தது. பிறகு, நான் வர வேண்டாம்னுங்களா என்று கேட்டாள், அதில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் தேவலை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான், குழறிக் குழறி. அவளால் ஒன்றும் இல்லை, பேச்சுத்தான், ஹெல்மெட்டுக்குள் நிறுத்தாமல் கேட்கிற அந்தப் பேச்சு, ஒரு வாரம் அது இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்றுதான். சொல்லச் சொல்லத் தான் பேசுவது எவ்வளவு சின்னத்தனமாக இருக்கிறது என்று அவன் காதுக்கே கேட்டது. சொல்லி முடித்துவிட்டு அழப்போகிறாள் என்று காத்திருந்தான். சுகந்தி தூணடியில் இருந்த சிமென்ட் திட்டில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் பேசறதுக்கு ஆசைங்களா? சாத்தூர்ப் பக்கம் ரோட்ட விட்டு எறங்குனமே, அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, பேச்ச நிறுத்துனா தூங்கிருவேன்னு. அதுக்கப்புறம் நான் எங்கீங்க நிறுத்தறது? ஒவ்வொரு டூருக்கும் முந்தின நாளே என்னென்ன பேசறதுன்னு யோசிச்சு வெச்சுக்குவேன். பாதி வழியிலயே தீந்துரும். அப்புறம் போர்டு, லாரி, கண்ணுல பட்டதையெல்லாம் படிப்பேன். நீங்க ம்முனு சொல்லுவீங்க. சரி, முழிச்சிட்டுத்தான் இருக்கறாருன்னு அடுத்தத எடுப்பேன்."

உள்ளங்கையில் இருந்த சிவப்புக் கோட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"இப்பக்கூடத் தூங்கலைங்க. தாங்காதுன்னு சொன்னீங்க, ஒருவேளை தாங்குச்சுன்னா கோகர்ணா வரைக்கும் என்ன பேசறதுன்னுதான் படுத்து யோசிச்சிட்டிருந்தேன்."

இத்தனை வருஷத்து ம் எல்லாம் குழந்தைவேலுக்கு ஒன்றொன்றாக ஞாபகம் வந்தன. நிறுத்து என்று அவன் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் எழுந்தாள். போயிட்டு வாங்க, தனியாவே போயிட்டு வாங்க என்றாள். தூக்கம் வந்தா எங்காச்சும் ஓரமா நிறுத்திப் படுத்துக்கோங்க, மானம் பார்க்காதீங்க, அது மட்டும் போதும் என்றாள். கிளச்சுப் பிடிக்க முடியுங்களா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம், அவனுக்கு அப்போது அப்படிச் சொல்லத்தான் தோன்றியது. ஆனால் கை அதற்குள் பிடியில் போய், மற்ற மூன்று விரலால் அமுக்கிக் காட்டிவிட்டது. அவள் தலையசைத்தாள். அவள் முகத்தில் வருத்தத்தைத் தேடினான். வருத்தம் இருந்தது, இல்லாமல் இல்லை. அதற்கும் மேலாக, ரொம்ப நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த ஒரு ஓய்வு அந்த முகத்தில் பரவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பகீரென்றது. வா, நீயும் வா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் மறுபடி அந்தச் சுமையைத் தூக்கி அவள் தலையில் வைப்பதாகும். சொல்லாமல் இருந்தான்.

இருவரும் சேர்ந்து தண்ணீர் கேன்களை இறக்கினார்கள். வண்டியைத் தூணிலிருந்து நிமிர்த்திச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார்கள். வலதுபக்கம் ஐந்திலும் இடதுபக்கம் ஒன்றிலுமாக வண்டியை ஓட்ட முடியாது, வளைவில் முறுக்கிக்கொள்ளும். குழந்தைவேல் மறுபடி குத்தவைத்தான். சுகந்தி ஒரு குச்சி எடுத்துவந்து ஸ்பிரிங்கில் இருந்த கல்லைத் தட்டிவிட்டாள், வண்டி நழுவாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஸ்பேனரைப் போட்டு இழுத்தான். வளையம் டக்கென்று நாலுக்கு இறங்கியது. அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று. வெயில் போய்விட்டிருந்தது. எதிர்வீட்டில் குக்கர் கத்தியது. இரண்டு. ஒன்றுக்கு இறக்காமல் ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏதாச்சும் பேசேன், அம்மிணி."

"எதுக்குங்க," என்றாள் சுகந்தி. "நீங்க இப்ப வண்டி ஓட்டலையே."